அடிபட்ட காரை அடையாளம் காண்பது எப்படி? பழைய கார் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளிப்பட்டில் பழைய கார் தேடுகிறவருக்கு மூன்று பக்கமிருந்தும் வண்டி வருகிறது. திருத்தணி வழியாகச் சென்னை வண்டி, நகரி, புத்தூர் பக்கமிருந்து ஆந்திரா வண்டி, சோளிங்கர் வழியாக ராணிப்பேட்டை, வேலூர் வண்டி. புரோக்கர் முதலில் போனில் படம் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியே வாசலில் வந்து நிற்கும். கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, டயருக்குக் கருப்பு பூசி வந்த வண்டியைப் பார்த்ததும் வீட்டிலுள்ளவர்கள் பாதி சம்மதித்துவிடுவார்கள்.

“ஆக்சிடென்ட் வண்டியா?” என்று கேட்டால், “சின்ன டச்-அப்தான் சார்” என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய உதவுவது வண்டியின் உடம்பில் இருக்கும் தடயங்கள். அவற்றைப் படிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரப் பொறுமை, ஒரு டார்ச் லைட், ஒரு சின்னக் காந்தம், ஓர் அளவு டேப் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட எல்லா வண்டியும் ஒதுக்க வேண்டிய வண்டி கிடையாது. பம்பர், ஃபெண்டர், பானட், கதவு எல்லாம் காரின் தோல். பழைய வண்டியில் அவை உரசாமல் இருந்தால்தான் அதிசயம். தோலுக்குள்ளே எலும்பு இருக்கிறது: முன்பக்கம் இன்ஜினின் இரு புறமும் நீளும் ரெயில்கள், சஸ்பென்ஷனைத் தாங்கும் ஏப்ரன், கூரையைத் தாங்கும் பில்லர்கள், தரைத் தகடு. மோதும்போது முன் ரெயில் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு தடவை மடங்கியதைப் பட்டறையில் சூடு காட்டி இழுத்து நேராக்கினால் பார்க்க நேராகத்தான் இருக்கும். ஆனால் உறுதியான எஃகு சூட்டில் பலம் இழந்துவிடும். அடுத்த மோதலில் அது எப்படி மடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லா மாடல்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம். அந்தச் சோதனையில் தேறியது தொழிற்சாலையிலிருந்து வந்த எலும்புக்கூடு. ஒட்டுப்போட்ட எலும்புக்கூட்டை யாரும் சோதித்ததில்லை.

ஆகவே தேட வேண்டியது அடிபட்டதா என்பதை விட, எதுவரை அடிபட்டது என்பதைத்தான்.

முதல் படி: வண்டிக்கு முன் காகிதம்

வண்டியைப் பார்க்கப் புறப்படும் முன்பே பதிவு எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த தேதி, எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறதா என்பவை தெரிந்துவிடும். புரோக்கர் “சிங்கிள் ஓனர்” என்று சொன்ன வண்டி அங்கே மூன்றாவது ஓனர் என்று காட்டினால், மேற்கொண்டு அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

எல்லையோர ஊர் என்பதால் இன்னொரு விஷயம். முன்பெல்லாம் ஏ.பி. 03 என்றால் சித்தூர் மாவட்ட வண்டி என்று பார்த்தவுடன் சொல்லலாம். 2019 ஜனவரி முதல் ஆந்திரா முழுவதற்கும் ஏ.பி. 39 என்று பொது வரிசை வந்துவிட்டது. அதன் பிறகு பதிவான வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து நகரி வண்டியா, விசாகப்பட்டினம் வண்டியா என்று சொல்ல முடியாது. ஆர்.சி.யில் எந்த அலுவலகத்தில் பதிவானது என்று பாருங்கள். பக்கத்து ஊர் வண்டி என்றால் ஓட்டியவரையே நேரில் போய்ப் பார்த்துப் பேசலாம். தெலுங்கு தெரிந்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆந்திரா வண்டி என்றாலே மட்டம் என்று சிலர் பேசுவது வெறும் பேச்சு. அங்கே ஒழுங்காக ஓட்டிய வண்டியும் உண்டு, இங்கே ஒளித்து விற்கும் வண்டியும் உண்டு. வித்தியாசம் செலவில்தான்: வேற்று மாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே தமிழ்நாட்டு வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அதை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பலர் அதில் முடியும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கண் போக வேண்டிய இடம் என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்) என்ற வரி. ஒரு வருடம் எந்த கிளெய்மும் கேட்காமல் ஓட்டினால் அடுத்த வருடப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். இடையில் ஒரு கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆறு வருடம் ஒரே ஆளிடம் இருந்த காரின் பாலிசியில் என்.சி.பி. பூஜ்யம் அல்லது 20 என்று இருந்தால், அண்மையில் ஏதோ ஒரு கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி உடைந்ததற்காகவும் வாங்கியிருக்கலாம், முன்பக்கம் நொறுங்கியதற்காகவும் வாங்கியிருக்கலாம். “எதற்கு கிளெய்ம் போட்டீர்கள்? பில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் பில்லை எடுத்துக் காட்டுவார். 50 சதவீதம் இருந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம், என்.சி.பி.யைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்கலாம், அல்லது கையிலிருந்து காசு போட்டுப் பட்டறையில் முடித்திருக்கலாம்.

இதைவிட ஆபத்தான வகை ஒன்று உண்டு. பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும். உரிமையாளருக்குப் பணம் போகும். சிதைந்த வண்டி ஏலத்தில் வாங்குகிறவரிடம் போகும். அங்கிருந்து சில வண்டிகள் திரும்பச் சாலைக்கு வருகின்றன. வட இந்தியாவில் இப்படி வாங்கிய வண்டியின் ஆர்.சி.யையும் சேசிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்கு மாட்டி விற்ற கும்பல்களைப் போலீசார் பிடித்திருக்கிறார்கள். அதனால் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். மாருதி சுசூகி என்றால் பெரும்பாலும் எம்.ஏ.3, ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல்., டாடா என்றால் எம்.ஏ.டி. என்று தொடங்கும். பொறித்த இடத்தைச் சுற்றித் தேய்த்த தடமோ, வெல்டிங் கோடோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்ட்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: பகலில், காய்ந்த வண்டியை

வண்டியை வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் திறந்த வெளியில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாப் பெயிண்ட்டும் ஒரே நிறம். நனைந்த வண்டியில் பள்ளம் மேடு தெரியாது. பார்க்கப் போகிற நேரத்துக்குச் சரியாகத் தண்ணீர் அடித்து வைத்திருந்தால், காயும் வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: இடைவெளியும் நிறமும்

பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே, கதவுக்கும் கதவுக்கும் நடுவே ஓடும் இடைவெளியைக் கவனியுங்கள். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும்; இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படி. ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் தாள்கூட நுழையவில்லை என்றால் அந்த மூலை கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது.

பிறகு வண்டியின் பின்மூலையில் குனிந்து நின்று, பக்கவாட்டில் நீளமாகப் பார்வையை ஓட்டுங்கள். வெயிலின் பிரதிபலிப்பு நேர்க்கோடாக ஓடினால் தகடு அசல். அலை அலையாக நெளிந்தால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. டிங்கரிங் செய்து பட்டி இழுத்து எவ்வளவு தேய்த்தாலும் அந்த நெளிவு சாய்வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒவ்வொரு தகட்டிலும் வையுங்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் பிடிக்காது, அல்லது வழுக்கும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் இந்தச் சோதனை செல்லாது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டி பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக் சிலரிடமும் இருக்கும். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 200க்கு மேல் போனால் மறு பெயிண்ட். 500, 1000 என்று காட்டினால் கீழே பட்டி. ஒரு கதவில் 250 இருந்தால் கவலை வேண்டாம். கூரையிலோ பில்லரிலோ அந்த எண் வந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். கூரைக்கு யாரும் சும்மா பெயிண்ட் அடிப்பதில்லை. ஒன்று வெயிலில் உரிந்திருக்கும், அல்லது வண்டி கவிழ்ந்திருக்கும்.

நான்காம் படி: பானட்டைத் திறந்து பாருங்கள், அவசரப்படாதீர்கள்

மொத்தச் சோதனையில் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். முன்பக்கம் மோதிய வண்டியின் கதை முழுக்க இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு மூடிவிடுகிறவர்கள் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

முதலில் போல்ட்டுகள். பானட் கீல்களிலும், ஃபெண்டரின் மேல் விளிம்பிலும் வரிசையாக போல்ட் இருக்கும். இவற்றை மாட்டிய பிறகுதான் தொழிற்சாலையில் உடம்பு முழுக்கப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால் போல்ட் தலையிலும் வண்டி நிறமே ஓடியிருக்கும். ஸ்பேனர் பட்ட போல்ட்டில் மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்து உலோகம் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அப்படி என்றால் அந்தப் பக்கத்து ஃபெண்டர் இறங்கி ஏறியிருக்கிறது. இதனாலேயே வண்டியை ஒதுக்க வேண்டாம்; தோலைக் கழற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது, இனி எலும்பைப் பார்க்கலாம்.

ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் சட்டத்தில் டார்ச் அடியுங்கள். அது நேராக இருக்கிறதா? ஒட்டுப் போட்டிருக்கிறதா? பழைய தூசி படிந்த இன்ஜினுக்கு முன்னால் சட்டமும் ரேடியேட்டரும் கண்டென்சரும் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், முன்பக்க அடி பம்பரோடு நிற்கவில்லை.

அடுத்தது ஏப்ரன். இன்ஜினின் இரு பக்கமும் சஸ்பென்ஷன் மேல்முனை மாட்டியிருக்கும் தகட்டுச் சுவர் அது. தொழிற்சாலையில் ரோபோ வைக்கும் ஸ்பாட் வெல்டிங், சின்ன வட்டக் குழிகளாக ஏறக்குறைய சம இடைவெளியில் வரிசையாக இருக்கும். பட்டறை வெல்டிங் கோடாக, புடைத்து, தேய்த்த தடத்தோடு இருக்கும். இடது ஏப்ரனையும் வலது ஏப்ரனையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்க வேண்டும். தகடுகள் சேரும் இடத்தில் போடும் சீலன்ட்டும் அப்படியே. கம்பெனி சீலன்ட் சீராக ஓடியிருக்கும். கையால் போட்டது திட்டுத் திட்டாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் சில சமயம் மெத்தென்று இருக்கும். ஏப்ரனில் சுருக்கமோ, கோடு வெல்டிங்கோ, புதுப் பெயிண்ட்டோ இருந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஐந்தாம் படி: கதவு ரப்பரும் டிக்கித் தரையும்

உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, கதவுச் சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுங்கள். கையால் வரும், கையால் அழுத்தினால் திரும்ப உட்காரும். அடியில் ஸ்பாட் வெல்டிங் வரிசை தெரிய வேண்டும். வழவழவென்று பட்டி பூசி மூடியிருந்தால் பக்கவாட்டில் அடிபட்டு பில்லர் வேலை நடந்திருக்கிறது. நடு பில்லரில் சீட் பெல்ட் மாட்டியிருக்கிறது, பக்கவாட்டு மோதலைத் தாங்குவதும் அதுதான். அங்கே வேலை நடந்த காரில் குழந்தைகளைப் பின் சீட்டில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

டிக்கியில் பாயைத் தூக்குங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். ஸ்டெப்னிக் குழியின் தரை, பின்பக்க மோதலில் முதலில் சுருங்கும் இடங்களில் ஒன்று. சுத்தியல் தட்டிய தடம், நெளிவு, அங்கே மட்டும் அடித்த கருப்பு கோட்டிங் எல்லாம் பின்னால் லாரியோ பஸ்ஸோ இடித்ததன் அடையாளம்.

ஆறாம் படி: கண்ணாடி, பெல்ட், ஏர்பேக்

ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த கம்பெனியின் முத்திரையும், வருடத்தைக் காட்டும் எண்ணும் இருக்கும். எல்லாம் வண்டி தயாரான வருடத்தையோ அதற்கு முந்தைய வருடத்தையோ காட்ட வேண்டும். முன் கண்ணாடி மட்டும் புதிது என்றால் ஜல்லி லாரிக்குப் பின்னால் போய்க் கல் பட்டிருக்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு கதவுக் கண்ணாடி புதிது என்றால் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் பாருங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து விடுங்கள். தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். இறுகிப் பிடித்துக்கொண்டால், அல்லது பெல்ட் நாடாவில் தீய்ந்தது போன்ற தடம் இருந்தால், பெரிய மோதலில் யாரையோ தாங்கிய பெல்ட் அது.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம்: வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கைத் துண்டித்தோ வேறொரு விளக்கோடு இணைத்தோ வைத்திருக்கலாம். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதலும், முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக் எல்லா மாடல்களிலும் 2022 தொடக்கத்திலிருந்தும் கட்டாயம். அதன் பிறகு தயாரான காரில் இரண்டு ஏர்பேக்கும் இருந்தாக வேண்டும். டேஷ்போர்டு மூடியில் ஒட்டிய தடம், நிற வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: தண்ணீரில் நின்ற வண்டியா?

விபத்தைப் பற்றிப் பேசும்போது வெள்ளத்தை விட்டுவிட முடியாது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். நம் ஊரிலேயே, கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலையில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்குவதைப் பார்த்திருக்கிறோம்; 2021 நவம்பர் வெள்ளம் இன்னும் நினைவில் இருக்கிறது. தண்ணீரில் நின்ற கார் சில மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒயரிங் ஒவ்வொன்றாகக் கைவிடும், ஏர்பேக் சென்சார் உட்பட.

இழுத்த சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கறை, சீட்டுக்கு அடியில் நகரும் கம்பிகளில் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்மட்டக் கோடு ஆகியவற்றைத் தேடுங்கள். தரை விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்க என்று யோசியுங்கள்.

எட்டாம் படி: அடியில்

வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் ராம்ப் இருக்கும். கொஞ்சம் காசு கொடுத்து வண்டியை அதில் ஏற்றச் சொல்லுங்கள். கீழே நின்று முன் ரெயில்களைப் பின்னோக்கிப் பாருங்கள்: மடிப்பு, வெட்டி ஒட்டிய கோடு, இழுக்கும் கருவியின் பல் பதிந்த தடம். இடது முன்சக்கர மையத்திலிருந்து இடது பின்சக்கர மையம் வரை டேப் வைத்து அளந்து, வலப்பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது அளக்க வேண்டும். இரண்டும் கணிசமாக வேறுபட்டால் காரணத்தை மெக்கானிக்கிடம் கேட்காமல் மேலே போக வேண்டாம்.

ஒன்பதாம் படி: ஓட்டிப் பாருங்கள்

ஆள் நடமாட்டம் குறைந்த நேரான சாலையாகப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் மீது பிடியைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி நேரே போக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. வேகத்தடையில் ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே ஏறும்படி சாய்வாக ஏற்றுங்கள். உடம்பு முறுகும்போது கிரீச் என்ற சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள்.

இன்னொரு எளிய சோதனை. நான்கு டயரையும் நனைத்துவிட்டு, காய்ந்த சிமென்ட் தரையில் நேராக ஓட்டச் சொல்லுங்கள். பின் டயரின் ஈரத்தடம் முன் டயரின் தடத்தோடு இரு பக்கமும் ஒரே மாதிரி சேர்ந்து போக வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனால் வண்டி நண்டு மாதிரி நடக்கிறது என்று அர்த்தம். அப்படியொரு சந்தேகம் வந்தால் வீல் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோய் அளவு அச்சிட்டு வாங்குங்கள். திருகித் திருகியும் அளவு வரம்புக்குள் வரவில்லை என்றால் வளைந்திருப்பது சஸ்பென்ஷனாகவோ அதைத் தாங்கும் உடம்பாகவோ இருக்கும்.

பத்தாம் படி: பேச்சும் எழுத்தும்

பம்பர், கதவு, ஃபெண்டர் அளவில் வேலை நடந்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம், நல்ல வண்டிதான். ஏப்ரன், ரெயில், பில்லர், தரையில் கை வைத்திருந்தால் டீக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முன்பணம் கொடுத்துவிட்டுச் சோதிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சோதனை முடியும் வரை ஒரு ரூபாய்கூடக் கை மாறக் கூடாது.

கடைசிச் சம்மதத்துக்கு முன் அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஆர்.சி. நகலோடு உரிமையாளரையும் அழைத்துப்போய் சர்வீஸ் விவரம் கேளுங்கள். அங்கே நடந்த டிங்கரிங், பெயிண்டிங் வேலை பதிவில் இருக்கும்.

ஆட்டோ கன்சல்டிங் கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அவர்களிடம் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில், “வண்டியின் உடற்சட்டத்தில் விபத்துப் பழுது பார்க்கப்படவில்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, டோட்டல் லாஸ் ஆகவில்லை” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொய் என்று பின்னால் தெரிந்தால், கடைக்காரர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்த வரி பெரிய பலம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு 29, 30ஆம் எண் படிவங்களோடு பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். வங்கிக் கடன் இருந்த வண்டி என்றால் 35ஆம் எண் படிவமும் வங்கியின் கடிதமும் கையில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் விட்டால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு தொடரும். உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்கும் பணம் மறுக்கப்படலாம். பழைய உரிமையாளரின் என்.சி.பி. அவருக்கே சொந்தம் என்பதால், பெயர் மாற்றும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை உங்களிடம் கேட்பார்கள். அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.